முழங்கால் வலிக்காரர்களும் ஆகாய விமானமும்

மண்ணையும் விண்ணையும் இரண்டே அடியில் அளந்துவிட்டு, மூன்றாவது அடிக்கு இடம் எங்கே என்று கேட்ட பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் திருக்கோவிலூர். ஆனால் அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் அப்படிப்பட்ட கால்கள் வாய்த்துவிடவில்லை! கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் சாயங்கால வேளையில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விஷயம் கட்டாயம் வரும். ஒன்று, முழங்கால் வலி. மற்றொன்று, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வருகிறபோதுதான் கஷ்டம். பெண்ணுக்குப் பிரசவம்; அம்மா போய்த்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

திருக்கோவிலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் சுமார் நாலு மணி நேரக் கார்ப் பிரயாணம். விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு என்று உட்கார்ந்தே போய்விடலாம். அதற்கப்புறம்தான் சோதனை. வாசலில் இறங்கியதிலிருந்து விமானத்தில் நம் ஆசனத்தில் உட்காரும் வரை எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை, நடந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். கோயிலில் நாலு பிரகாரம் சுற்றியதற்குச் சமானம். நடுநடுவே நிற்க வேண்டிய வரிசைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கவலையோடு இருந்த ஓர் அம்மாளைச் சந்தித்தேன். அறுபத்தெட்டு வயது. மெல்போர்னில் இருக்கும் மகள் டிக்கெட்டு வாங்கும்போதே, "அம்மா, உனக்குச் சக்கர நாற்காலி எழுதி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டாளாம். அம்மாளுக்கு அதில் துளிக்கூடச் சம்மதமில்லை.

"ஏன் தம்பி, நடக்கவே முடியாதவ மாதிரி என்னை உட்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"முழங்கால் வலி என்று நினைப்பார்கள், அம்மா. உண்மையும் அதுதானே?"

"அது வாஸ்தவந்தான். ஆனா காசு கேப்பாங்களாமே?"

"இல்லை. இலவசம்."

"இலவசமா!" என்றார் அம்மாள். அப்போதுதான் அவர் முகத்தில் சந்தேகமே பிறந்தது.

இலவசம்தான். அது மட்டுமல்ல, கம்பெனிக்காரர்கள் தயவு பண்ணிக் கொடுக்கும் சலுகையும் அல்ல, சட்டப்படி கொடுக்க வேண்டிய உதவி. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் காரியாலயம் 2008-லேயே இதற்கென்று விதிகள் வகுத்திருக்கிறது. புறப்படும் நிலையத்தின் வாசலிலிருந்து ஆசனம் வரையிலும், இறங்கும் ஊரில் ஆசனத்திலிருந்து வெளிவாசல் வரையிலும் அழைத்துப் போய் விடுவது விமானக் கம்பெனியின் பொறுப்பு. டிக்கெட்டு வாங்கும்போதே நம் தேவையைச் சொல்லிவிட வேண்டும். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாகவாவது அது கம்பெனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த 48 மணி நேரத்தைத்தான் நம்மவர்கள் கோட்டை விட்டுவிடுகிறார்கள். "அங்கே போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்களா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். கொடுக்கலாம், ஆனால் முன்கூட்டிச் சொன்னவர்களுக்குக் கொடுத்தது போக மீதி இருந்தால்தானே?

சொல்லும்போது இன்னொரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சக்கர நாற்காலிக்காரர்களும் ஒன்றல்ல. உலகம் பூராவும் விமானக் கம்பெனிகள் இவர்களை மூன்று தினுசாகப் பிரித்து, டபிள்யூ.சி.எச். என்ற எழுத்துக்களோடு நாலாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்து டிக்கெட்டில் குறித்துக்கொள்கின்றன. படி ஏறுவார், விமானத்துக்குள் தாமே நடந்துகொள்வார், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் 'ஆர்'. படியே ஏற முடியாது, உள்ளே போனால் சமாளித்துக்கொள்வார் என்றால் 'எஸ்'. எழுந்து நிற்கவே இயலாது, ஆசனம் வரை தூக்கிப் போய்த்தான் உட்கார வைக்க வேண்டும் என்றால் 'சி'. நம் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் டிக்கெட்டு வாங்கும் அவசரத்தில், கண்ணில் பட்ட முதல் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள். படி ஏற முடியாத பாட்டிக்கு 'ஆர்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? விமானம் கட்டிடத்தோடு ஒட்டி நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. சுரங்கம் போன்ற பாலத்தின் வழியாக நாற்காலி வாசல் வரை போய்விடும். விமானம் மைதானத்தில் தள்ளி நின்றாலோ பஸ்ஸில் ஏறி, பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்புறம் செங்குத்தான ஏணிப்படி ஏற வேண்டும்! பாட்டி ஏணியின் அடியில் நின்று பெருமாளைத்தான் கூப்பிட வேண்டும்.

'எஸ்' என்றோ 'சி' என்றோ எழுதியிருந்தால் அதற்கென்று ஒரு வண்டி வரும். ஆம்புலிப்ட் என்று பெயர். பார்ப்பதற்குச் சாமான் ஏற்றும் லாரி மாதிரி இருக்கும். அதன் மேல் உள்ள அறையில் நாற்காலியோடு நம்மை ஏற்றிக்கொண்டு, விமானத்தின் பக்கத்தில் போய் நின்று, அறையை மட்டும் மெள்ள மெள்ள வாசல் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். ராட்டினத்தில் ஏறுவது போல இருக்கும். ஆனால் குலுக்கல் கிடையாது. சில கம்பெனிகள் ஏணிக்குப் பதிலாகச் சாய்வான நடைபாதை வைத்திருக்கின்றன. அதில் நாற்காலியையே உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

விமானத்துக்குள் போன பிறகு இன்னொரு சங்கடம். இரு பக்கமும் மூன்று மூன்று ஆசனங்கள். நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் சாதாரணச் சக்கர நாற்காலி நுழையாது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் மழை இரவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடைகழி திருக்கோவிலூரில்தான் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். விமானச் சந்தில் மூவர் என்ன, இருவரே எதிரும் புதிருமாகப் போக முடியாது! அதனால் அங்கே கைப்பிடி இல்லாத, மிக ஒடுக்கமான ஒரு நாற்காலி வைத்திருக்கிறார்கள். நிற்க முடியாதவர்களை அதில் மாற்றி, வார் போட்டுக் கட்டி, ஆசனத்தண்டை கொண்டுபோகிறார்கள். எந்தப் பக்கம் பிடித்தால் வலிக்கும், எந்தத் தோளைத் தொடக் கூடாது என்பதைத் தூக்குவதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் அதிகம். அவசர வழிக்குப் பக்கத்திலுள்ள ஆசனத்தை இவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆபத்துக் காலத்தில் கதவைத் திறக்கக்கூடியவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்.

சொந்தச் சக்கர நாற்காலி வைத்திருப்பவர்கள் அதை விமான வாசல் வரை தாங்களே உபயோகிக்க அனுமதி கேட்கலாம். வாசலில் வாங்கிச் சாமான் அறையில் வைப்பார்கள், கட்டணம் இல்லை. பாட்டரியில் ஓடும் நாற்காலியாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அது எந்த ரகப் பாட்டரி என்பதையும் தெரிவிக்க வேண்டும். லிதியம் பாட்டரிகள் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அதில் மிகவும் கண்டிப்பு.

இந்த வசதிகளெல்லாம் தானாக வந்துவிடவில்லை. 2007-ல் சென்னையில் ஒரு சம்பவம். ராஜீவ் ராஜன் என்பவர் மூளை முடக்குவாதத்துடன் வாழ்பவர். ஊனமுற்றோர் உரிமைக்காகப் பாடுபடுபவர். டில்லிக்குப் போக டிக்கெட்டோடு வந்த அவரை, துணைக்கு ஆள் இல்லை என்று சொல்லி ஏர் சஹாரா கம்பெனியார் ஏற்ற மறுத்துவிட்டார்கள். சென்னையில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டு விதிகள் வந்தன.

விதி வந்துவிட்டால் போதுமா? 2012-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி, கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் போகும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஜீஜா கோஷ் என்ற மாது ஏறி உட்கார்ந்திருந்தார். இவரும் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர், நன்றாகப் படித்தவர், கோவாவில் ஊனமுற்றோர் சம்பந்தமான மாநாட்டில் கலந்துகொள்ளப் புறப்பட்டவர். விமானச் சிப்பந்திகள் வந்து அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு, இறங்கிவிடுங்கள் என்றார்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். விமானி ஒப்பவில்லை. சக பிரயாணிகள் அத்தனை பேர் பார்த்திருக்க, ஒரு டாக்டரைக்கூடக் கலந்து பேசாமல், அவரை இறக்கிவிட்டார்கள். மாநாடு போயிற்று. அது கிடக்கட்டும், அந்த அவமானத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

ஜீஜா கோஷ் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நாலு வருஷம் கழித்து, 2016 மே 12-ந் தேதி, நீதிபதிகள் ஏ. கே. சிக்ரியும் ஆர். கே. அகர்வாலும் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனி அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. பத்து லட்சத்தைவிட அந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஊனமுற்றவரை இரக்கத்துக்குரிய ஜீவனாகப் பார்க்காமல், உரிமையும் மானமும் உள்ள மனிதராகப் பார்க்க வேண்டும் என்று நாட்டின் மிகப் பெரிய நியாயஸ்தலம் சொல்லிவிட்டது. அதே வருஷம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் பார்லிமெண்டு நிறைவேற்றியது.

அதற்கப்புறமும் 2022 மே மாதம் ராஞ்சியில், வித்தியாசமான தேவைகள் உள்ள ஒரு சிறுவனை இண்டிகோ விமானத்தில் ஏற்றவில்லை. பையன் பதற்றமாக இருந்தான் என்பது கம்பெனி சொன்ன காரணம். விசாரணை நடந்து ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஜூலையில் விதியையும் திருத்தினார்கள். அதன்படி, ஒருவருடைய உடல்நிலை ஆகாயத்தில் மோசமாகலாம் என்று கம்பெனிக்குத் தோன்றினால், தானாக முடிவு கட்டக் கூடாது. டாக்டர் நேரில் பரிசோதித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுப்பதாக இருந்தால் காரணத்தை உடனே எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த 'எழுத்தில்' என்ற வார்த்தையைச் சகோதரிகள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் "முடியாது" என்று சொல்லும் உத்தியோகஸ்தர்கள் பலர், எழுதித் தரச் சொன்னால் சற்று யோசிக்கிறார்கள்.

இனி, நினைத்தால் மனம் கலங்கும் விஷயம். 2024 பிப்ரவரி 12-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு ஏர் இந்தியா விமானத்தில் வயதான தம்பதிகள் வந்து இறங்கினார்கள். கணவருக்கு வயது எண்பது. இருவருக்கும் சக்கர நாற்காலி கேட்டிருந்தார்கள். கிடைத்தது ஒன்றுதான். இன்னொன்று வரும் வரை காத்திருக்கும்படி சொன்னதாகக் கம்பெனி பிற்பாடு தெரிவித்தது. அவர் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தாம் கூடவே நடந்தார். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். குடியேற்றச் சோதனை நடக்கும் இடத்துக்கு வந்ததும் சுருண்டு விழுந்தார், பிழைக்கவில்லை. கம்பெனிக்கு முப்பது லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். எல்லாக் கம்பெனிகளும் போதுமான நாற்காலி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு பறந்தது. ஐம்பது அறுபது வருஷம் கூட வாழ்ந்த மனைவியை முன்னே போகவிட்டு, தாம் மட்டும் பின்னால் காத்திருக்க எந்தக் கணவர்தான் சம்மதிப்பார்? நாற்காலிக் கணக்குப் போடும் இடத்தில் இதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும்.

நாற்காலிக்கு ஏன் இவ்வளவு பஞ்சம்? கம்பெனிகள் சிக்கனம் பண்ணுகின்றன என்பது ஒரு பாதி. மற்றப் பாதியைச் சொன்னால் நேயர்களில் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிற விமானங்களில் சக்கர நாற்காலி கேட்கிற நம்மவர்களில் நன்றாக நடக்கக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஏறும்போது நாற்காலி, இறங்கியவுடன் பெட்டி வருகிற இடத்துக்கு ஓட்டம்! வெள்ளைக்காரர்கள் இதற்கு 'அற்புத விமானம்' என்று கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முடவர் நடக்கும் அற்புதம் நடக்கிறதல்லவா!

ஆனால் அந்தப் பாட்டிமார்களை வரிசையைத் தாண்டப் பார்க்கிறவர்கள் என்று ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. திருக்கோவிலூரிலிருந்து முதல் தடவையாகக் கிளம்பும் ஓர் அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் ஒரு தேசத்தில் விமானம் மாற வேண்டும். எந்த வாசல், எந்தப் பக்கம், எந்தக் காகிதத்தைக் காட்டுவது? அவளுக்கு வேண்டியது நாற்காலி அல்ல, துணை. அதற்கு வேறு வழி இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வயதானவர்களையும் மொழி தெரியாதவர்களையும் எதிர்கொண்டு அழைத்துக் கூடவே நடந்து போய் வாசலில் விடும் உதவி ஒன்றைப் பல கம்பெனிகள் தனியாக வைத்திருக்கின்றன. டிக்கெட்டில் அதற்கு எம்.ஏ.ஏ.எஸ். என்று குறிப்பார்கள். சிலர் இலவசமாகச் செய்கிறார்கள், சிலர் கட்டணம் வாங்குகிறார்கள், விசாரித்துக்கொள்ள வேண்டும். கால் நன்றாக இருக்கிறவர்கள் அதைக் கேட்டால், மும்பையில் நடந்தவர் போன்ற ஒருவருக்கு ஒரு நாற்காலி மிஞ்சும்.

அடுத்தது உடம்பு சம்பந்தமான சங்கதி. நடக்க மட்டும் உதவி வேண்டும், மற்றபடி சௌக்கியம் என்றால் டாக்டர் சர்டிபிகேட் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், பிராணவாயு தேவைப்படுகிறவர்கள், படுத்தபடியே போக வேண்டியவர்கள் ஆகியோருக்கு மெடிப் என்ற படிவம் உண்டு. அதை நம் டாக்டர் பூர்த்தி செய்ய, கம்பெனியின் டாக்டர் பார்த்து அனுமதிப்பார். கடைசி நாளில் இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

இதை வீண் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போகும்போதே சிலருக்குக் காது அடைக்கும். விமானம் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றை அழுத்தி, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற மாதிரிதான் வைத்திருப்பார்கள். அதாவது, பிரயாணம் முழுவதும் ஊட்டியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். நல்ல தேகஸ்திதி உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருதயமோ நுரையீரலோ ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் தெரியும். சொந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுபோக விட மாட்டார்கள். காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்துத் தரும் சிறு யந்திரங்களில் அங்கீகாரம் பெற்ற ரகங்களை அனுமதிக்கிறார்கள். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு இரண்டு நாள்கூட ஆகாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. மேலே போனால் கட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து, காலும் வீங்கி, ரத்த ஓட்டத்தை நெருக்கிவிடும். அதற்காகக் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடுவதுண்டு.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். சாமான் அறையில் குளிரில் உறைந்து வீணாகலாம். பெட்டியே வேறு ஊருக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். மற்ற மாத்திரைகளும் அப்படியே. கர்ப்பிணிகளை, ஒற்றைக் குழந்தையாக இருந்தால், பொதுவாக 36 வாரம் வரை ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே டாக்டர் கடிதம் கேட்பார்கள். எத்தனையாவது வாரத்திலிருந்து என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பல மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்துகொள்ளும் அபாயம் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள்தான் எழுந்திருக்கவே பயப்படுவார்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாலும் நல்லது.

நடுவில் விமானம் மாறுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு கம்பெனி விமானங்களானால் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2008-லிருந்து இந்த உதவி விமான நிலையத்தாரின் பொறுப்பு. இங்கே கம்பெனியின் பொறுப்பு. அங்கேயும் சொல்லவேண்டியது கம்பெனியிடம்தான்; அவர்கள் நிலையத்துக்குத் தெரிவிப்பார்கள். அமெரிக்காவில் 1986-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது.

குறை இருந்தால் விமான நிலையத்திலேயே கம்பெனியின் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லலாம். அங்கே பயனில்லை என்றால், மத்திய சர்க்காரின் ஏர்சேவா என்ற ஏற்பாட்டில் வீட்டிலிருந்தபடியே புகார் பதிவு செய்யலாம். டிக்கெட்டு நகலும், நாற்காலி கேட்டதற்கான அத்தாட்சியும் கையில் இருந்தால் புகாருக்குப் பலம். நாற்காலி தள்ளும் பையனுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டுமா என்று அந்தத் திருக்கோவிலூர் அம்மாள் கேட்டார். கட்டாயமில்லை. யாராவது அதிகாரமாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை.

விமானம் இறங்கியதும் எல்லோரும் எழுந்து மேலே இருக்கும் பைகளை இழுப்பார்கள். நாற்காலி கேட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விமானம் காலியான பிறகுதான் அவர்கள் முறை. கும்பலோடு கும்பலாக இறங்கிவிட்டால், நாற்காலியோடு வருகிறவர் வெறும் ஆசனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். வெளியே காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்: மற்றவர்கள் வந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அம்மா வருவாள்.